நீல டிரம்மில் ஆறு க்யூப்

அந்தமானில் பெரார்கஞ்சிலிருந்து போர்ட் பிளேயர் போகும் காலை பஸ்ஸில் சுகிர்தா கோணிப்பையோடு ஏறினால் கண்டக்டருக்கு ஒரே கேள்விதான்.

"மேடம், ஆஜ் பி பத்தர்?"

இன்றைக்கும் கல்லா என்று கேட்கிறான். அவள் தலையை ஆட்டிவிட்டு, பையைக் கால்களுக்கு நடுவில் இழுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். பைக்குள் மூன்று கான்கிரீட் கட்டைகள் இருக்கும். நீளம், அகலம், உயரம் எல்லாம் அரையடி. பார்க்கச் சின்னதாகத் தெரியும், தூக்கினால் தோள் இறங்கும்.

அதற்கு க்யூப் என்று பெயர். கான்கிரீட் போடும் அன்றைக்கே அதே கலவையிலிருந்து கொஞ்சம் அள்ளி இரும்பு அச்சில் வார்ப்பார்கள். மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீருக்குள் போட வேண்டும். இருபத்தெட்டு நாள் ஊறிய பிறகு லேபில் இருக்கும் இயந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். க்யூப் எவ்வளவு பாரம் தாங்குகிறதோ, கட்டடமும் அவ்வளவு தாங்கும் என்று கணக்கு. கட்டடத்தையே உடைத்துப் பார்க்க முடியாதே, அதற்காக.

சுகிர்தா பஞ்சாயத்து சமிதியில் ஜூனியர் இன்ஜினியர். மற்ற ஜூனியர் இன்ஜினியர்கள் க்யூப்பைக் காண்ட்ராக்டரின் பொறுப்பில் வேலை நடக்கும் இடத்திலேயே விட்டுவிடுவார்கள். இவள் விடமாட்டாள். இலாகா ஜீப்பில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, கொல்லையில் இருக்கும் நீல டிரம்மில் போட்டு வைப்பாள். வெயில் காலத்தில் அந்தத் தெருவில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் கல்லை ஊறப்போட்டிருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்றால், அவள் வேலை கற்ற இடங்களைச் சொல்ல வேண்டும்.

கப்பலில் போக வேண்டிய இன்னொரு தீவில், ஹட் பேயில் பிறந்தவள். அப்பா நாகரத்தினம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை வெட்டினார். சுனாமி வந்தபோது அவளுக்குப் பத்து வயது. வீடு போயிற்று, ஆட்கள் தப்பினார்கள். அடுத்த சில வருடங்கள் எங்கே பார்த்தாலும் கட்டுமான வேலைதான். மெயின்லாண்டிலிருந்து கப்பல் கப்பலாகத் தகடும் கம்பியும் வந்து இறங்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வேலியோரம் நின்று பார்ப்பாள். என்ன பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் ஓடிவிடுவாள். கேட்காவிட்டால் இருட்டும்வரை நிற்பாள். அப்படிப் பார்த்ததில் ஒன்று அவளுக்கு மறக்கவே இல்லை. அவசரமாகக் கட்டிய ஒரு கழிவறை வரிசையில் இரண்டாவது மழைக்குள் தளம் பொரிந்து உதிர்ந்து, கம்பி துருப்பிடித்து வெளியே வந்தது. கடல் மணலைப் போட்டு வார்த்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். வார்த்தவர்கள் அதற்குள் கப்பல் ஏறிவிட்டிருந்தார்கள்.

பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்ததும் ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைக் கொட்டகை கட்டித்தரும் கம்பெனியில் சேர்ந்தாள். அந்தமான் என்றதும் மேனேஜர், "உங்க ஊர்ல கரண்டு உண்டாம்மா?" என்றார்.

"உண்டு சார். போறதும் உண்டு."

அங்கே எல்லாம் வேகம். போன் போட்டால் லாரியில் கலவையே வந்து நிற்கும். தீவில் சிமென்ட் தீர்ந்தால் கடல் பக்கம் பார்க்க வேண்டும், கப்பல் தெரிகிறதா என்று. ஓசூரில் அவளை க்யூப் வேலையில் போட்டார்கள். ஒரு நாளைக்கு இருபது முப்பது வார்ப்பாள். தப்பான க்யூப் எந்தச் சத்தத்தில் உடையும், நல்லது எந்தச் சத்தத்தில் உடையும் என்று காதுக்கே பழகிவிட்டது. மூன்று வருடம் கழித்து அம்மா இறந்துபோனாள். அப்பாவை அவ்வளவு தூரத்தில் தனியாக விட மனமில்லாமல் திரும்பினாள்.

போர்ட் பிளேயரில் வேலை கொடுத்தவர் ராஜமாணிக்கம். தூத்துக்குடிக்காரர். சிமென்ட் மூட்டை இறக்க வந்து, தீவிலேயே தங்கிக் காண்ட்ராக்டர் ஆனவர். எல்லோருக்கும் அண்ணாச்சி. அவரிடம் நாலு வருடம் சைட் இன்ஜினியராக இருந்தாள். வேலை தெரிந்த மனிதர், சத்தமும் தாராளம், சாப்பாடும் தாராளம். ஆனால் முதல் வாரமே அவளை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய்ச் சின்ன இரும்புச் சட்டி ஒன்றைக் காட்டினார். அதில் தனியாகச் சிமென்ட் கூடுதலாகப் போட்டுக் கலந்து வைத்திருந்தார்கள்.

"க்யூப்ப இதுல இருந்து போடு தாயி."

"தளத்துக்குப் போற கலவைல இல்லையா, அண்ணாச்சி?"

"பொண்ணு பாக்கப் போறவன் வேட்டி சட்டைய மாத்திக்கிட்டுத்தான போவான்? அழுக்கு லுங்கியோடயா போவான்?"

கூட நின்ற ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சட்டியில் போடுவதற்கு அங்கே மாப்பிள்ளை க்யூப் என்று பெயர். சுகிர்தாவும் போட்டாள். தளமும் ஒன்றும் மோசமாகப் போகவில்லை என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் லேபில் அது ஓங்கிய சத்தத்தோடு உடையும்போது யார் முகத்தையும் பார்க்காமல் நிற்பாள்.

அங்கே இருக்கும்போதுதான் குணாவைக் கல்யாணம் செய்தாள். தீவுகளுக்கு நடுவே ஓடும் அரசுப் படகில் இன்ஜின் அறை வேலை அவனுக்கு. மகள் ஹரிணி பிறந்த பிறகு பரீட்சை எழுதி அரசு வேலைக்கு வந்தாள். விடைபெறப் போனபோது ராஜமாணிக்கம் சொன்னார்: "போய்ட்டு வா. அங்க போயும் நம்ம வேலையத்தான் பாக்கப்போற. என்ன, எதிர்ப்பக்கம் உக்காந்துக்கிடுவ."

அவர் சொன்னபடியே ஆயிற்று. பெரார்கஞ்சிலிருந்து உள்ளே போகும் சாலையின் கடைசியில், மேட்டில் ஒரு குடியிருப்பு. கோடையில் டாங்கர் லாரிதான் கதி, அதுவும் சரிவில் ஏற முடியாத நாளில் பெண்கள் குடத்தோடு இறங்கி வருவார்கள். அங்கே தண்ணீர்த்தொட்டி கட்ட உத்தரவு வர வருடக்கணக்கில் ஆயிற்று. டெண்டர் ராஜமாணிக்கத்துக்குப் போயிற்று. மேற்பார்வை சுகிர்தாவுக்கு.

அந்த வார்டு மெம்பர் செல்லம் டீக்கடை வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் கேட்பாள்: "இன்ஜினியரம்மா, இந்தத் தொட்டில தண்ணி நான் உயிரோட இருக்கும்போது வருமா, கருமாதிக்கு வருமா?"

"மழைக்கு முன்னாடி முடிஞ்சிரும்க்கா."

"எந்த வருஷ மழை? அதைச் சொல்லு."

மார்ச் ஆரம்பத்தில், தூண்களுக்கு மேலே தொட்டியின் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். தொட்டிக்கு உயிர் அதுதான், மேலே நிற்கிற தண்ணீர் முழுக்க அதன்மேல்தான். மிக்ஸர் பக்கத்தில் நின்ற ராஜமாணிக்கம் அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

"வா தாயி. சட்டி கிட்டி ஒண்ணும் இல்ல, நல்லாத் தேடிப் பாத்துக்கோ."

"தேடாமலா இருப்பேன்?"

"இந்தத் தடவை நெசமாவே ஒழுங்காப் போடுதேன். கேட்டியா? நம்ம ஆளுக குடிக்கிற தண்ணி."

பாதி வேலை நடக்கும்போது அவள் திடீரென்று நிறுத்தச் சொல்லி, தளத்தில் கொட்டவிருந்த கலவையிலிருந்தே ஆறு க்யூப் வார்த்தாள். ஏழாம் நாள் நசுக்கிப் பார்க்க மூன்று, இருபத்தெட்டாம் நாளுக்கு மூன்று. மறுநாள் அச்சைக் கழற்றி, சிவப்பு மையால் இரண்டு பக்கத்திலும் தேதி எழுதி, ஜீப்பில் ஏற்றி வந்து டிரம்மில் இறக்கினாள்.

குணா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்தான். "அரே சுகி, மறுபடியும் கல்லுக்குக் குளியலா? மனுஷன் குளிக்க ஒரு பக்கெட், கல்லுக்கு ஒரு டிரம்மு."

"அதுல கை வைக்காதீங்க."

"வைக்கல. வைக்கவே இல்ல."

இரண்டு நாள் கழித்து ஹட் பேயிலிருந்து போன் வந்தது. அப்பாவுக்கு மூச்சுத்திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஹரிணியைக் கூட்டிக்கொண்டு கிடைத்த டிக்கெட்டில் கப்பல் ஏறினாள். குணாவுக்கு இன்னும் ஒரு நாள் கடல் வேலை, அதற்குப் பிறகு ஓய்வு. அப்பா ஐந்தாறு நாளில் தேறி எழுந்து உட்கார்ந்தார். திரும்பலாம் என்றபோது கப்பல் பழுதாகிவிட்டது. அடுத்ததில் டிக்கெட் இல்லை. கவுண்டரில் நின்று நின்று, கடைசியில் மூன்று வாரம் போல ஆன பிறகுதான் வீடு வந்து சேர்ந்தாள். வந்ததும் கொல்லையில் டிரம்மின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் விளிம்புவரை இருந்தது. க்யூப்கள் அடியில் வரிசையாக இருந்தன. ஏழாம் நாள் சோதனை தவறிவிட்டது, அவ்வளவுதான். மூடினாள்.

இருபத்தெட்டாம் நாள் மூன்றைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

இயந்திரத்தில் முதல் க்யூப் உடைந்த சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சப்பென்று, ஈர மண்கட்டி உடைந்ததுபோல. பலக் கணக்கில் இருபத்தைந்து வர வேண்டிய இடத்தில் பதினெட்டுகூட முழுதாக வரவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அதே. லேபில் இருந்த தேவேந்திரன், "கிஸ்கா காம் ஹை?" என்று கேட்டான். யாருடைய வேலை என்று அவள் சொல்லவில்லை. நாலு வருடம் பார்த்த சட்டிதான் அவள் கண்ணில் நின்றது. சட்டி இல்லையென்றால் இவ்வளவுதான் வரும் என்று நினைத்தாள்.

தளத்தின்மேல் அதற்குள் சுவர் எழும்ப ஆரம்பித்திருந்தது. நேரே மேட்டுக்குப் போய் ராஜமாணிக்கத்திடம் சொன்னாள். அவர் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பதினெட்டா?"

"அதுக்கும் கீழ."

"இருக்காது. நான் நின்னு போட்டது. மூடை மூடையா எண்ணிக் கொட்டுனேன்."

"க்யூப் சொல்லுது, அண்ணாச்சி."

"க்யூப் சொல்லுதா?" அவர் அவளை உற்றுப் பார்த்தார். "க்யூப்ப எப்படிச் சொல்ல வைக்கணும்னு உனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நாந்தான. அதான் நம்ப மாட்டேங்குற. பரவால்ல. ஆனா இது ஒடைக்கிற தளம் இல்ல, பாத்துக்கோ."

அவள் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. மறுநாள் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தளம் தகுதியில்லை, உடைத்துத் திரும்பப் போட வேண்டும். அசிஸ்டென்ட் இன்ஜினியர் சந்திரசேகர் படித்துப் பார்த்தார். கைதிகளைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே தீவில் இருக்கும் குடும்பம் அவருடையது. தமிழைவிட இந்திதான் முந்திக்கொண்டு வரும்.

"பக்கா தானே, சுகிர்தா? நோட்டீஸ் போச்சுன்னா வாபஸ் கஷ்டம்."

"பக்கா சார்."

நோட்டீஸ் போயிற்று. திங்கட்கிழமை தளத்தை உடைக்க ஆள் வரும் என்று முடிவாயிற்று. மழைக்கு முன் தொட்டி என்பது இனி இல்லை. செல்லம் டீக்கடையிலிருந்தே கத்தினாள்: "கட்டவும் மாட்டீங்க, கட்டினதை விடவும் மாட்டீங்க. நல்ல கவர்மென்ட்டு. எங்க குடத்துக்கு ரெண்டு சக்கரமாவது வச்சுக் குடுங்க, உருட்டிக்கிட்டாவது போறோம்." சுகிர்தா டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொல்லையைச் சுத்தம் செய்தாள். ஏழாம் நாளுக்கென்று வார்த்த மூன்றும் இன்னும் டிரம்மில் கிடந்தன. இனி எதற்கு என்று ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தாள். மூன்றாவதை வைக்கும்போது கை நின்றது. அதன் மேல்பக்கத்தில் வட்டமாக ஒரு கறுப்புக் கறை. விரலால் தேய்த்தாள், போகவில்லை. மோந்து பார்த்தாள். கிரீஸ்.

தண்ணீருக்குள் கிடக்கும் கல்லில் கிரீஸ் எப்படி வரும்? இன்னொரு க்யூப்பைத் திருப்பினாள். அவள் எழுதிய சிவப்புத் தேதி ஒரு பக்கம் பளிச்சென்று இருந்தது, இன்னொரு பக்கம் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது.

குணா முன்வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். க்யூப்பை அப்படியே தூக்கிவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இது எப்போ வெளிய வந்துச்சு?"

அவன் கறையைப் பார்த்தான். டீயைக் கீழே வைத்தான். "வண்டி பின்சக்கரம் கழட்டினேன்ல. முட்டுக் குடுக்க ஒண்ணும் இல்ல, அதான்."

"என்னைக்கு?"

"நீ ஹட் பே போனப்போ. கடல்ல இருந்து வந்தேன், ரெண்டு தடவையும் குழாய்ல தண்ணி வரல. உடம்பெல்லாம் டீசல். டிரம்மு நிறைய பானி இருக்கு, நான் என்ன செய்ய? எடுத்துக் குளிச்சேன், துணி துவைச்சேன். கல்லை வெளிய எடுத்து வச்சேன்."

"எத்தனை நாள் வெளிய இருந்துச்சு?"

"பத்து, பன்னெண்டு நாள் இருக்கும். நீ வர்றேன்னு போன் பண்ணினதும் தண்ணி பிடிச்சு ரொப்பி, எல்லாத்தையும் பழையபடி அடுக்கி வச்சேன்." அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "டிரம்மு காலியா இருந்தா சத்தம் போடுவேன்னுதான். கல்லுதானே, சுகி? கல்லுக்கு என்ன ஆகும்?"

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். கான்கிரீட் முதல் சில நாளில் தண்ணீர் குடித்துத்தான் இறுகும். அந்த நாட்களில் மார்ச் வெயிலில் கிடந்தால் நல்ல கலவையும் பாதி பலத்தில் நின்றுவிடும், பிறகு எவ்வளவு ஊறினாலும் ஏறாது. மேட்டில் தளத்துக்கு ராஜமாணிக்கத்தின் ஆட்கள் கோணி போர்த்தி டாங்கர் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்கள், அதை அவளே பார்த்திருக்கிறாள். பதினெட்டு என்று காட்டியது தளத்தை அல்ல, அவள் வீட்டுக் கொல்லையை.

ஆனால் தளம் நன்றாக இருக்கிறது என்றும் இதனால் ஆகிவிடவில்லை. ஒன்றும் தெரியாது என்பதுதான் இப்போது உண்மை. அந்த ஒன்றும் தெரியாததன் பெயரில்தான் நாளைக்கு உடைக்கப் போகிறார்கள்.

சந்திரசேகர் வீட்டுக்குப் போனாள். சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"க்யூப்பை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது ரூல்லயே இல்ல, தெரியும்ல? மேல கேப்பாங்க. உனக்கு மெமோ வரும்."

"வரட்டும் சார். உடைக்கிறதை நிறுத்துங்க. தளத்துல இருந்தே துண்டு வெட்டி எடுத்துப் பாக்கலாம்."

"ஏற்கனவே சொன்ன மாதிரி பக்கா இல்லியா இப்ப?"

"இல்ல சார்."

அவர் போனை எடுத்தார். "டீக் ஹை. எழுத்துல குடு. எல்லாத்தையும் எழுது, உன் வீட்டுக்காரர் குளிச்சது உட்பட."

அடுத்துப் போனது ராஜமாணிக்கத்திடம். இது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் வீட்டு வராந்தாவில் பேரேடுகளும் சிமென்ட் மாதிரிகளும் கிடந்தன. நின்றுகொண்டே சொன்னாள்: "அண்ணாச்சி, தப்பு என் வீட்டுல."

முழுவதையும் கேட்டார். குளித்த இடத்தில் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை.

"என்னையத் தேடுன மாதிரி உன் டிரம்மையும் ஒருக்காத் தேடியிருக்கலாம்ல?"

"தோணல. உங்களத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அதுக்கு நானுந்தான் காரணம்" என்றார். பிறகு பழைய குரல் வந்தது. "சரி, துண்டு வெட்டி எங்க எடுப்ப? தொட்டிக்கு நடுவுல ஓட்டை போட்டா நாளைக்கு ஒழுகும். அதுக்கும் நாந்தான் பேர் வாங்கணும்."

"நடுவுல வேண்டாம். தளம் சுவருக்கு வெளிய நடைபாதையா நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அதே நாள் போட்ட கான்கிரீட்தான். அங்க எடுக்கலாம். தண்ணி படாத இடம்."

அவர் யோசித்துத் தலையை ஆட்டினார். "ஓசூர்ல சொல்லிக் குடுத்ததா?"

"ஆமா."

"நான் சொல்லிக் குடுக்கல" என்றார்.

போர்ட் பிளேயரிலிருந்து துளைக்கும் இயந்திரம் வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் சுகிர்தா சரியாகச் சாப்பிடவில்லை. தளம் தேறினால் அவளுக்கு மெமோ, தேறாவிட்டால் ஊருக்குத் தண்ணீர் இல்லை. இரண்டில் எது வர வேண்டும் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மேட்டு ஜனம் மொத்தமும் வந்து நின்று பார்க்க, நடைபாதையில் மூன்று இடத்தில் உருளை உருளையாக வெட்டி எடுத்தார்கள். துண்டுகளை லேப் ஆட்களே கொண்டுபோனார்கள். அவள் தொடவில்லை. நசுக்கும் நாளன்று மட்டும் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

முதல் துண்டு உடைந்த சத்தத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஓங்கிய சத்தம்.

சராசரி இருபத்து மூன்று சொச்சம். கேட்ட இருபத்தைந்து இல்லை. ஆனால் வெட்டி எடுத்த துண்டுக்கு விதி கொஞ்சம் இளக்கம் கொடுக்கிறது, அந்த விதிப்படி தளம் தேறிவிட்டது. பிரமாதமான கான்கிரீட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ராஜமாணிக்கம் சொன்ன அளவுக்கு ஒழுங்காகவும் போடவில்லை, அவள் நினைத்த அளவுக்கு மோசமாகவும் போடவில்லை. அதை அவரிடம் அப்படியே சொன்னாள். "மிக்ஸர்ல தண்ணி கொஞ்சம் கூடிருக்கும்" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

மெமோ வந்தது. விதியை மீறி மாதிரிகளை வீட்டில் வைத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தாள். கண்டிப்பு என்று பதிவாயிற்று. இப்போது மேட்டில் தூணோரமாகச் செங்கல் வைத்து, க்யூப் ஊறப்போட ஒரு சின்னத் தொட்டி கட்டியிருக்கிறார்கள், மூடியும் உண்டு, பூட்டு இரண்டு. ஒரு சாவி அவளிடம், ஒன்று காண்ட்ராக்டரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். அவள் கேட்டாள், ராஜமாணிக்கம் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். குணாவுக்கு நீல டிரம் திரும்பக் கிடைத்தது. அதில் குளிக்கிறபோதெல்லாம், "மேடம், குளிக்க பர்மிஷன் உண்டா?" என்று உள்ளேயிருந்து கேட்பான். அவள் ஒரு மாதம் சிரிக்கவில்லை, பிறகு சிரித்தாள்.

முதல் மழைக்குச் சில நாள் முன்பு தொட்டியில் தண்ணீர் ஏற்றினார்கள். குழாயடியில் கூட்டம். செல்லம் முதல் குடத்தைப் பிடித்து நிமிர்ந்தபோது சுகிர்தா ஏணியில் ஏறி நடைபாதையில் நின்றாள். துண்டு வெட்டிய மூன்று இடத்தையும் அடைத்திருந்தார்கள். குனிந்து ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு தளமும் சுவரும் சேரும் மூலையில் கசிகிறதா என்று வைத்துப் பார்த்தாள்.

"அங்க என்ன தடவிக் குடுக்குற, இன்ஜினியரம்மா, கன்னுக்குட்டியா?" என்று செல்லம் கீழேயிருந்து கேட்டாள்.

"காஞ்சிருக்குக்கா" என்றாள் சுகிர்தா. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.